பழைய ஸ்பீக்கர் கரகரக்கிறதா? முதலில் இடது, வலது ஒயர்களை இடம் மாற்றிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்டீரியோவுக்கு இருபத்தைந்து வயதாவது இருக்கும். சில மாதங்களாக இடப்பக்க ஸ்பீக்கரில் பாட்டு கரகரவென்று கேட்கிறது. வால்யூமைக் கூட்டினால், அதுவும் பேஸ் வரும் இடங்களில், படபடவென்று அடிக்கிறது. புது ஜோடி வாங்கிவிடலாம் என்கிறான் மகன். பழையதைச் சரிசெய்ய முடியாதா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் கரகரப்பு ஸ்பீக்கரில் கேட்கிறது என்பதாலேயே பழுது ஸ்பீக்கரில்தான் என்று முடிவு கட்டாதீர்கள். ஆம்ப்ளிஃபையர் கெட்டிருந்தாலும் சத்தம் அங்கேதான் வரும்.

முதலில் ஸ்டீரியோவைப் போடும்போது இடப்பக்க ஸ்பீக்கரின் கோனை, அதாவது முன்னும் பின்னும் ஆடி ஒலியெழுப்பும் கூம்பை, கவனியுங்கள். அது முன்னாலோ பின்னாலோ தள்ளப்பட்டு அப்படியே நின்றால் ஆம்ப்ளிஃபையரிலிருந்து டிசி மின்னோட்டம் கசிகிறது என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள், நல்ல ஸ்பீக்கரை அதில் மாட்டினால் அதுவும் கருகும். அப்படி இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் பின்னால் இடது, வலது ஒயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். சிவப்பும் கறுப்பும் இடம் மாறக் கூடாது, செம்பு இழைகள் ஒன்றையொன்று தொடவும் கூடாது. பிறகு அதே பாட்டை அதே வால்யூமில் போடுங்கள். கரகரப்பு முன்பு கேட்ட அதே ஸ்பீக்கர் பெட்டியிலேயே நின்றால் பெட்டியோ அதன் ஒயரோதான் காரணம். அடுத்த பெட்டிக்குத் தாவினால் பெட்டியின் மேல் குற்றமில்லை.

நீங்கள் சொல்லும் குறிகளைப் பார்த்தால் எனக்குப் பெட்டியின் மேல்தான் சந்தேகம். முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றி, பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் கோனைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். அது ஃபோம் என்றால் இந்த வயதுக்கு உதிர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். காற்றின் ஈரமே அதை அரித்துவிடும். பாட்டே கேட்காமல் மூடி வைத்திருந்தாலும் தப்பாது. விரலால் லேசாகத் தொட்டால் பிசுபிசுக்கும், அல்லது பொடியாகக் கொட்டும். ரப்பர், துணி வளையங்கள் இவ்வளவு சீக்கிரம் போவதில்லை. வளையம் கிழிந்தால் கோனுக்குப் பிடிமானம் போய்விடும். பேஸ் வரும்போது அது கண்டபடி ஆடும். நீங்கள் கேட்கும் படபடப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஃபோம் வளையம் தனியாகவே கிடைக்கிறது. வெளி விட்டம், உள் விட்டம் இரண்டையும் அளந்து வாங்குங்கள். பழைய பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுப்பதுதான் பாதி வேலை. மீதிப் பாதி, கோனை நடுவில் நிறுத்துவது. கோனின் அடியில் வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருள் ஓடும் காந்த இடைவெளி மிகக் குறுகலானது. வளையம் துளி கோணலாக ஒட்டினாலும் அந்தச் சுருள் உரசும். உள் விளிம்பை முதலில் ஒட்டிக் காயவிட்டு, வெளி விளிம்பை ஒட்டும்போது 30 ஹெர்ட்ஸ் அளவிலான டோன் (ஒரே சீரான தாழ்ந்த ஒலி) ஒன்றைக் குறைந்த வால்யூமில் ஓடவிடுங்கள். உரசினால் அங்கேயே கேட்கும், பசை பிடிப்பதற்குள் நகர்த்திவிடலாம். டேப் ஒட்டி ஒப்பேற்றுவது வேண்டாம், அது கோனின் ஆட்டத்தையே கெடுக்கும். வலப்பக்க வளையத்துக்கும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வளையம் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் இரு கை விரல்களையும் கோனில் எதிரெதிராக வைத்து, சமமாக, சில மில்லிமீட்டர் மட்டும் அழுத்தி விடுங்கள். சரசரவென்று சுரண்டும் ஒலி வந்தால் வாய்ஸ் காயில் கருகி உப்பியிருக்கிறது, அல்லது பெட்டி எப்போதோ கீழே விழுந்து காந்தம் நகர்ந்திருக்கிறது. அது வீட்டில் செய்யும் வேலையல்ல. ஒயரைக் கழற்றிவிட்டு, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரிலும் பாருங்கள்: 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் பொதுவாக 6 முதல் 7 ஓம்ஸ் காட்டும். கோனை அசைக்கும்போது அளவு துள்ளினால், கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் உள்ளுக்குள் அறுந்துகொண்டிருக்கிறது. அதை மாற்றி சால்டர் செய்தால் போதும்.

பேஸ் சரியாக இருந்து மேல் ஸ்தாயி மட்டும் மங்கினால் ட்வீட்டர் எனும் மேல் ஸ்தாயிக்கான சிறிய ஸ்பீக்கரையோ, ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸோவரின் கெப்பாசிட்டரையோ பாருங்கள். கெப்பாசிட்டரை மாற்றினால் அதே அளவில், பிளஸ் மைனஸ் இல்லாத வகையையே போட வேண்டும்.

ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றியதும் கோளாறு அடுத்த பெட்டிக்குத் தாவியிருந்தால்? சிடி பிளேயரிலிருந்து வரும் இடது, வலது ஒயர்களையும் ஒருமுறை இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு மறுபடி தாவினால் பிளேயரோ அதன் ஒயரோதான். தாவாவிட்டால் ஆம்ப்ளிஃபையர். குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அதற்குள் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பல முறை திருப்பினால் பெரும்பாலும் தெளியும். குறைந்த வால்யூமில் உடைந்து, கூட்டினால் தெளிகிற சத்தம் என்றால் ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்சான ரிலேயின் முனைகள் கறுத்திருக்கும். ஸ்டீரியோவைப் போட்ட சில நொடிகளில் 'டக்' என்று கேட்குமே, அதுதான் ரிலே. பழகாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

மகனிடம் சொல்லுங்கள்: வளையம் மட்டும் போயிருந்தால் புதிது தேவையில்லை. வாய்ஸ் காயில் கருகி, அதே மாதிரி வூஃபரும் கிடைக்காவிட்டால் அவன் சொல்வதே சரி. அப்போதும் ஜோடியாகவே வாங்குங்கள். ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் வேறொன்று என்றால் பாடுபவரின் குரல் நடுவிலிருந்து வருவதுபோல் கேட்காது.