தனியாக அழகு, அடுக்கினால் கோடு

வடிவமைப்புப் படிப்பில் முதலாண்டு படிக்கிறேன். தினமும் இரண்டு மணி நேரம் வரைந்து பழகுகிறேன். தனியாகப் பார்த்தால் என் பூவும் கொடியும் நன்றாகவே இருக்கின்றன. அதையே துணிக்கான பேட்டர்னாக அடுக்கினால் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடு ஓடுகிறது. நீண்ட கோடு இழுத்தால் கையும் நடுங்குகிறது. எனக்கு வரையும் கையே இல்லையோ, ஐயா?
– முதலாண்டு மாணவி

கையை ஏன் திட்டுகிறீர்கள்? நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனி வியாதி. அதில் ஒன்றுக்குத்தான் கை பொறுப்பு.

முதலில் வெள்ளைக் கோடு. தாளின் நடுவில் பூவை வரைகிறீர்கள், ஓரத்தை மதித்துச் சுற்றிலும் இடம் விடுகிறீர்கள். நல்ல பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். அப்படி இடம் விட்ட கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விட்ட இடமெல்லாம் கைகோத்துக்கொண்டு ஓடத்தான் செய்யும்.

இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. 20 செ.மீ. சதுரத் தாளில், எந்த ஓரத்தையும் தொடாமல் பூவை வரையுங்கள். பின்புறம் நான்கு மூலைகளிலும் எண் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிறகு தலைகீழாக ஒட்டிவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். தாளை நெடுக்காகச் சரிபாதியாக வெட்டி, இடப்பாதியையும் வலப்பாதியையும் இடம் மாற்றி, பின்பக்கம் டேப் ஒட்டுங்கள். அடுத்து குறுக்காக வெட்டி, மேலதைக் கீழும் கீழதை மேலுமாக மாற்றி ஒட்டுங்கள். மனது வலிக்கும், வெட்டுங்கள். இப்போது பூ நான்கு துண்டாகி மூலைகளுக்குப் போயிருக்கும். நடுவில் சிலுவை வடிவில் வெற்றிடம் தெரியும். உங்கள் துணியில் ஓடிய வெள்ளைக் கோடு அதுதான். கொடியையும் மொட்டையும் அங்கே ஓட விட்டு நிரப்புங்கள். வெளி ஓரத்தை மட்டும் தொடக் கூடாது. அது ஏற்கெனவே எதிர் ஓரத்தோடு பொருந்திவிட்டது.

பிறகு ஒன்பது நகல் எடுத்து, மூன்றுக்கு மூன்றாகச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடிக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எங்கேயாவது இடைவெளி அதிகமாக இருந்தால், பல் விழுந்த வாய் போலக் கண் அங்கேயே போய் நிற்கும். ஒன்பது முறை அடுக்கிப் பார்க்காத பேட்டர்னை நான் திருத்தவே எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாம் நெடுக்கு வரிசையை அரை உயரம் கீழே இறக்கி அடுக்கும் ஹாஃப் டிராப் முறையில் குறுக்குக் கோடு உடைந்துவிடும். ஆனால் அதே இடைவெளி சாய்கோடாக முளைக்கலாம். ஆகவே முதலில் இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து கை நடுக்கம். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு நீண்ட கோடு இழுத்தால் யாருக்கும் நடுங்கும். மணிக்கட்டு சிறு வளைவுகளுக்கு. நீளக் கோடு தோளிலிருந்து வர வேண்டும். பெரிய தாளைச் சாய்த்து வைத்து, பேனா முனையைப் பார்க்காமல் கோடு போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பாருங்கள். தாளைத் தொடாமல் ஓரிரு முறை கையை அந்தப் பாதையில் ஓட்டிவிட்டு ஒரே இழுப்பில் போடுங்கள். பென்சில் வேண்டாம். ரப்பர் பக்கத்தில் இருந்தால் கோடு பயந்துகொண்டே வரும். விலை கூடிய ஸ்கெட்ச்புக்கும் வேண்டாம்; அதைப் பாழாக்க மனம் வராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அனுப்பிய படத்தில் உங்கள் இலைகள் தண்டில் பசை போட்டு ஒட்டியதுபோல் நிற்கின்றன. உண்மையான செடி ஒன்றைக் கையில் எடுங்கள். இலை புறப்படும் இடத்தில் தண்டு கொஞ்சம் புடைத்திருக்கும், அதுதான் கணு. இலைக்காம்புக்கும் தண்டுக்கும் இடையிலான கோணத்தில் ஒரு சிறு மொட்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் புடைப்பை மட்டும் ஒரு பக்கம் நிறைய வரையுங்கள். பிறகு உங்கள் கொடி எந்தப் பக்கம் வளைந்தாலும் வளர்ந்ததாகத் தெரியும்.

கை இல்லையோ என்ற பயத்துக்கு ஒரு தகவல். ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1862இல் வடிவமைத்த முதல் சுவர்த்தாளில் ரோஜாக் கொடியும் பறவைகளும் உண்டு. பறவைகளை வரைந்து கொடுத்தவர் அவருடைய நண்பரான கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப். ஸ்ட்ராபெரி திருடும் பறவைகளோடு மாரிஸின் புகழ்பெற்ற துணி வந்தது 1883இல்தான், 21 ஆண்டு கழித்து. கை வர நாளாகும்.

பேட்டர்ன் எல்லாம் ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டார்கள் என்கிறான் என் அறைத்தோழன். புதிதாக என்ன இருக்கிறது?
– இரண்டாமாண்டு மாணவர்

அவர் சொல்வதில் கால்வாசி உண்மை. தட்டையான பரப்பில் இரு திசையிலும் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களுக்குச் சமச்சீர் வகைகள், அதாவது நகர்த்தியும் சுழற்றியும் புரட்டியும் அடுக்கும் முறைகள், மொத்தம் 17தான். ரஷ்யப் படிகவியலாளர் ஃபெடரோவ் 1891இல் இதை நிறுவினார். கணிதவியலாளர் போல்யா 1924இல் ஒவ்வொரு வகைக்கும் படம் போட்டுக் கட்டுரை எழுதினார். ஓவியர் எஷருக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. படங்களை மட்டும் தன் நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டார். பல்லியும் பறவையும் மீனும் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அவருடைய ஓவியங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான். 17 என்பது அடுக்கும் முறைகளின் கணக்கு. எதை அடுக்குவது என்பதற்குக் கணக்கு ஏது? நண்பரை வரையச் சொல்லுங்கள், பேச நேரம் இருக்காது.

கணினியில் ஒரு சொடுக்கில் ரிப்பீட் வரும்போது கத்தரிக்கோல் எதற்கு?
– பெயர் வேண்டாம் என்றவர்

கையால் இரண்டு மூன்று வெட்டிய பிறகு தாராளமாகக் கணினிக்குப் போங்கள். அங்கே ஆஃப்செட் என்ற கட்டளை செய்வதும் இதே வெட்டி ஒட்டும் வேலைதான். கட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் இரட்டைப்படை பிக்சலில் வையுங்கள், 2000க்கு 2000 என்பதுபோல. 2001 என்று வைத்தால் பாதி முழு எண்ணாக வராது. ஒரு பிக்சல் இங்கோ அங்கோ தள்ளிப் போகும்.