அம்மாவின் எண்ணைக் கொடுத்த தம்பிக்கு

கேள்வி: யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளின் ஆர்வலர்களுக்கான நிகழ்ச்சி நாட்காட்டி ஒன்றை மூன்று நண்பர்களோடு சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். யார் வேண்டுமானாலும் நிகழ்ச்சியை அனுப்பலாம். நாங்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் வெளியாகும். அண்மைக் காலமாக நிறுவனங்கள் இணையவழியில் நடத்தும் வெபினார்களே குவிகின்றன. சென்ற மாதம் வெளியான பத்தில் ஆறு ஒரே நிறுவனத்துடையவை. திருமங்கலத்தில் மாணவர்கள் மாதந்தோறும் நடத்தும் கூட்டம் பட்டியலின் அடிக்குப் போய்விட்டது. அந்த நிறுவனத்தின் ஒரு வெபினாரை நான் நிறுத்தி வைத்ததும், அங்கே வேலை பார்க்கும் என் கல்லூரி சீனியர் அண்ணன், “எல்லாம் போஸ்ட்கிரெஸ் பற்றித்தானே, அதுவும் இலவசம்தானே” என்று வருத்தப்பட்டார். போஸ்ட்கிரெஸ் என்பது ஒரு கட்டற்ற தரவுத்தள மென்பொருள். எங்கள் ஆண்டுக் கூட்டத்தின் மதியச் சாப்பாடு அவர்கள் செலவு. அந்த வெபினார் உண்மையானதுதானா என்று பார்க்க நானே பதிவு செய்தேன். என் எண் அலுவலகத் தொடர்புக்கானது என்பதால் அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். பதிவு சரியாக நடந்ததால் ஒப்புதலும் கொடுத்தேன். (தையலுக்கு நடுவில் யார் யாரோ அழைக்கிறார்கள் என்று அம்மா சலித்துக்கொள்வது தனிக் கதை.) எங்கே கோடு போடுவது? அண்ணனைப் பகைக்காமல் எப்படி மறுப்பது?
— வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: அது தனிக் கதை அன்று, தம்பி. உங்கள் கடிதமே அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. கைபேசி எண் கேட்கும் கட்டத்துக்கு வந்ததும் உங்கள் விரல் தயங்கி நின்றதே, கோடு அங்கேயே விழுந்துவிட்டது. இந்த எண்ணைக் கொடுத்தால் நாளை முதல் தொல்லை தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் உங்கள் எண்ணைக் காத்துக்கொண்டீர்கள். அதன்பின் அம்மாவின் எண்ணை எழுதினீர்கள். ஒப்புதலையும் கொடுத்து, நாட்காட்டியை நம்பி வருகிறவர்கள் எல்லாரையும் அதே கட்டத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். ‘ஊரான் வீட்டு நெய்யே’ என்று பழமொழி சொல்வார்கள். நீங்கள் ஊரையும் விட்டுவைக்கவில்லை, வீட்டையும் விட்டுவைக்கவில்லை.

உங்கள் எண் அலுவலகத் தொடர்புக்கானது என்கிறீர்கள். அம்மாவின் எண் எதற்கானது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? முகூர்த்த மாதத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் அழைக்கும் எண் அது. கழுத்து வளைவைத் தைத்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால், மிதியிலிருந்து காலை எடுத்து, ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எடுக்கிறார். “மேடம், உங்கள் நிறுவனத்தில் எத்தனை சர்வர்கள் இருக்கின்றன?” என்று யாரோ பெற்ற பிள்ளை கேட்கிறது. அந்தப் பிள்ளையும் பாவம், அதற்கும் மாதக் கணக்கு முடிக்க வேண்டும். எரிச்சலில் அடுத்த அழைப்பை அம்மா எடுக்காமல் விட்டால், அது நான்கு ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க அழைத்தவராக இருக்கும்.

மகன் சம்பாதிக்கத் தொடங்கியதும் தாயின் தொழில் பொழுதுபோக்காகிவிடுவதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். தள்ளுபடிக் கூப்பனுக்கு, கூரியருக்கு, இரண்டாவது கணக்குத் தொடங்குவதற்கு என்று எதற்கெடுத்தாலும் அம்மாவின் எண்தான். நடு மதியத்தில் எழுப்பி ஓடிபி கேட்பதும் அம்மாவிடம்தான். பெற்றவளின் கைபேசி பிள்ளைகளின் குப்பைக்கூடை அன்று. உங்கள் அலுவலகத்துக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதையை அந்தத் தையல் இயந்திரத்துக்குக் கொடுக்காதவரை, நீங்கள் ஊருக்கு எழுதும் விதி எதையும் நான் பெரிதாக மதிக்கப் போவதில்லை.

நாட்காட்டிக்கு வருகிறேன். நிறுவனங்கள் வெபினார் நடத்துவது பாவமில்லை. போஸ்ட்கிரெஸ்ஸுக்கு நிரல் எழுதும் பலருக்குச் சம்பளம் கொடுப்பவை நிறுவனங்களே; அவர்களில் ஒருவர் வந்து, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் எப்படி வேலை செய்கிறது, பழைய பதிவுகளைத் துப்புரவாக்கும் வேக்யூம் ஏன் வேண்டியிருக்கிறது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால், அது யார் சம்பளத்தில் நடந்தாலும் நல்ல வகுப்புதான். விற்பனைப் பிரிவு நடத்தும் வெபினாரின் கணக்கு வேறு. எத்தனை பேர் கற்றுக்கொண்டார்கள் என்று அங்கே கேட்கமாட்டார்கள். எத்தனை பேர் பதிந்தார்கள் என்றுதான் கேட்பார்கள். பெயர், அலுவலக மின்னஞ்சல், கைபேசி, பதவி, நிறுவனத்தில் எத்தனை பேர் என்று வாங்கிய பட்டியல், தொலைபேசியில் விற்கிறவர்களின் மேசைக்குப் போகிறது. பேச்சு தூண்டில் புழுதான். அதே பேச்சை ஆசியாவுக்கு ஒரு நேரம், ஐரோப்பாவுக்கு ஒரு நேரம், அமெரிக்காவுக்கு ஒரு நேரம் என்று பிரித்து அனுப்பினால் நாட்காட்டியில் மூன்று இடம் கிடைக்கிறது. திருமங்கலத்து மாணவர்கள் இன்னும் மூன்று படி கீழே இறங்குகிறார்கள். அவர்களுக்காக உங்களிடம் வருத்தப்பட்டுப் பேச ஓர் அண்ணன் இல்லை.

‘இலவசம்தானே’ என்ற சொல்லை மட்டும் நான் விடமாட்டேன். ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலையானதற்கும் ‘ஃப்ரீ’ என்று ஒரே சொல் இருப்பதால், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிவைத்த குனு திட்டத்தை 1983-இல் அறிவித்த நாள் முதல் அந்த வேறுபாட்டை விளக்கியே அந்த இயக்கத்தாருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகிறது. நமக்கு அந்தச் சிரமமே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று தமிழ் முன்கூட்டியே பிரித்துக் கொடுத்திருக்கிறது. அண்ணனுடைய வெபினார் கட்டற்றதும் அன்று, எண்ணை வாங்கிக்கொண்டு தருவதால் இலவசமும் அன்று.

மண்டகப்படி பார்த்து வளர்ந்தவர் நீங்கள். சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வரும் வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று வருகிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பமோ, சங்கமோ, கடைக்காரரோ செலவு செய்து, பெயரைப் பலகையில் பெரிதாகவே எழுதி வைக்கிறார். அதை ஒருவரும் குறை சொல்வதில்லை. தல்லாகுளத்து வெயிலில் நிற்பவனுக்கு நீர்மோர் தம்ளரை நீட்டுகிறவர், நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்து, “முதலில் கைபேசி எண்ணைச் சொல்லுங்கள்” என்று கேட்டு நீங்கள் பார்த்ததுண்டா? நிறுவனத்தின் பெயர்ப்பலகை இருந்துவிட்டுப் போகட்டும். மோருக்கு முன்னால் எண் கேட்பவருக்கு உங்கள் நாட்காட்டியில் இடம் வேண்டாம்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல், நிகழ்ச்சி அனுப்பும் படிவத்துக்கு மேலேயே எழுதி வையுங்கள். இணைப்பு அனுப்ப மின்னஞ்சல் தேவை, அதைக் கேட்கலாம். கைபேசி எண்ணைக் கட்டாயமாக்கினால் நிராகரிப்பு. விலை கொடுத்து எதையும் வாங்காமல், கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் செய்துபார்க்கக் கூடியதாகப் பேச்சு இருக்க வேண்டும். தலைப்பில் ‘புரட்சி’, ‘முன்னணி’ என்று வந்தால் கூசாமல் வெட்டுங்கள். மூன்று நேரத்துப் பேச்சுக்கு ஒரே பதிவு. ஒரு நிறுவனத்துக்கு மாதத்தில் எத்தனை என்பதை நால்வரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். சந்தேகமான படிவம் வந்தால் அந்தக் கட்டத்தில் உங்கள் சொந்த எண்ணை எழுதிப் பாருங்கள். எழுத மனம் வராவிட்டால் வேறு யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை.

இது கறாராகத் தோன்றினால், அண்ணன் பெயர் சொல்லும் அந்தப் போஸ்ட்கிரெஸ் திட்டத்தையே பாருங்கள். அதன் மையக் குழுவில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்தவர் இருக்கக் கூடாது என்பது அவர்கள் எழுதி வைக்காமலே காத்துவந்த வழக்கம். 2020-இல் ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கியதில், குழுவின் ஐவரில் மூவர் ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிட்டார்கள். மூவரும் நெடுங்காலம் உழைத்தவர்கள். தெரிந்தவர்கள்தானே என்று விட்டுவிடாமல், வெளியிலிருந்து மேலும் இருவரைச் சேர்த்து எழுவராக்கிக் கணக்கைச் சரிசெய்தார்கள். ஐந்தில் மூன்றும் உங்கள் பத்தில் ஆறும் ஒரே விகிதம் என்பதை அண்ணனுக்கும் சொல்லலாம்.

அவருடைய நிறுவனத்திலிருந்து வருவதை இனி நீங்கள் பார்க்காதீர்கள். மற்ற மூவரில் ஒருவர் பார்க்கட்டும். செய்தியாக அனுப்பாமல் நேரில் போய், “அண்ணே, ஒங்க மேல உள்ள மரியாதை வேற, இது வேற. நம்பர் கேக்குற கட்டத்த எடுத்துட்டு அனுப்புங்க, அன்னைக்கே போட்டுருவாங்க” என்று சொல்லுங்கள். அதற்கும் கோபித்தால் கோபிக்கட்டும். சாப்பாட்டுக்கு நன்றியைப் பந்தி நடக்கும் இடத்தில் சொல்ல வேண்டும்: பதாகையில் பெயர் போடுங்கள், மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்துங்கள். ஒரு மதியச் சாப்பாட்டுக்கு நாட்காட்டியை மொய்யாக எழுத முடியாது. வேண்டுமானால் அடுத்த ஆண்டு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எலுமிச்சைச் சாதப் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வீட்டு வேலை. அம்மாவின் கைபேசியிலிருந்தே 1909-க்கு அழைத்து, விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்யுங்கள். அது மட்டும் போதாது, ஏனென்றால் படிவத்தில் நீங்கள் போட்ட டிக்கைக் காட்டி, சம்மதம் இருக்கிறதே என்பார்கள். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், விவரங்களை அழிக்கச் சொல்லவும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது; அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்துவிட்டனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் குறிப்பிட்டு அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். டிக் போட்டவர் எண்ணுக்கு உரியவர் அல்லர் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். கூச்சமாக இருக்கும், இருக்கட்டும்.

அந்த அழைப்புகள் யாரால் வருகின்றன என்று அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். இன்று இரவு அவர் இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டு எழுந்ததும் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.