தலைவலி தராத சரக்கு உண்டா?

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: பங்காளி வீட்டுக் கிடா வெட்டில் ஒரு குவார்ட்டர் பிராந்தி அடித்ததற்கு மறுநாள் மதியம் வரை தலை தூக்க முடியவில்லையாம். வோட்கா என்றால் இந்தத் தொல்லையே வராது, மீறி வந்தாலும் காலையில் ஒரு கட்டிங் போட்டால் தெளிந்துவிடும் என்கிறாராம் மச்சான். உண்மையா டாக்டர்?

வோட்கா விஷயத்தில் மச்சான் பாதி சரி. புளிக்க வைத்து வடிக்கும்போது போதை தரும் எத்தனால் மட்டும் வருவதில்லை; மெத்தனால், அசிட்டால்டிஹைடு, இன்னும் சில ஆல்கஹால்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கூடவே வரும். வோட்காவில் இவை மிகக் குறைவு, அமெரிக்க போர்பன் விஸ்கியில் எக்கச்சக்கம். 2010இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் இரண்டையும் குடிக்க வைத்துப் பார்த்தார்கள். போர்பன்காரர்களுக்கு மறுநாள் அவதி கூடுதல். ஆனால் தூக்கமும் கவனமும் இரண்டு தரப்புக்கும் ஒரே அளவில்தான் கெட்டன.

நம்ம ஊரில் அந்தக் கணக்கும் அப்படியே செல்லாது. இங்கே கிடைக்கும் பிராந்தி, விஸ்கி பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட்தான். அந்தச் சிவப்பு நிறம் முக்கால்வாசி கேரமல் கொடுத்தது. நிறத்தைப் பார்த்துத் தலைவலியை எடை போட முடியாது.

அளவைப் பாருங்கள். 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். இரவு 12 மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர் காலை 6 மணிக்கு பைக்கை எடுத்தால் ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கலாம். 'வெறும் பீர்தானே' என்கிறவர்களுக்கும் இதே கதைதான்: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் இரண்டு போட்டால் குவார்ட்டரைத் தாண்டிவிடும்.

அப்புறம் அந்தக் காலைக் கட்டிங். கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். எத்தனால் உள்ளே இருக்கும்வரை கல்லீரல் மெத்தனாலைத் தொடாமல் ஓரமாக வைத்திருக்கும், எத்தனால் தீர்ந்த பிறகுதான் மெத்தனால் உடம்பைப் படுத்தும் ஃபார்மிக் அமிலமாக மாறும்; நீங்கள் மறுபடி ஊற்றினால் அந்த வேலை தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். கந்துவட்டியை அடைக்க இன்னொரு இடத்தில் கந்துவட்டிக்கு வாங்குகிற மாதிரி. காலையில் கட்டிங் இல்லாமல் கை நடுங்கும் அளவுக்குப் போய்விட்டால் அது ஹேங்ஓவரே இல்லை, தம்பி. அந்த நிலையில் நீங்களாகவே திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

கிடா வெட்டில் நடக்கும் பெரிய தப்பு வேறு. பந்தி போடுவதற்கு முன்னாலேயே தோப்புக்குள் ஒதுங்கி, வெறும் வயிற்றில் மளமளவென்று இறக்குவது. முதலில் சாப்பிடுங்கள், குடிப்பதைப் பாதியாகக் குறையுங்கள், நடுநடுவே தண்ணீர். காலையில் உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ போதும், ஜிகர்தண்டா அப்புறம். தலைவலிக்குப் பாராசிட்டமால் வேண்டாம், ஏற்கனவே அடிவாங்கிய கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

கடையில் வாங்காத சரக்கு என்றால் இதெல்லாம் பொருந்தாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். கண் மங்குவது, வயிற்றுவலி, நிற்காத வாந்தி என்று எது வந்தாலும் தெளியட்டும் என்று படுத்துக் கிடக்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.