கடைசி 20 மீட்டர்

அன்புள்ள சார்,

எனக்கு 66 வயது. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் இருக்கிறேன், போன வருடம் ஓய்வு பெற்றேன். பன்னிரண்டு வருடமாக நண்பர்களின் பாய்மரப் படகுகளில் கூடமாட வேலை செய்து பழகியவன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கித் தனியாக ஓட்ட ஆசை. மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. எனக்கு வலது முழங்காலில் மாற்று மூட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டு படகு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 38 அடி, ஆறு வருடப் பழசு. பெரிய பாய் பாய்மரக் கம்பத்துக்குள்ளேயே சுருண்டுகொள்ளும், முன்முனையைப் பக்கவாட்டில் தள்ளும் பவ் த்ரஸ்டர் மோட்டார் உண்டு. இன்னொன்று 28 அடி, 1970களில் கட்டியது, அடியில் நெடுக ஓடும் நீளக் கீல். "தனியாளுக்கு இதுதான், எந்தக் கடலையும் தாங்கும்" என்கிறார் நண்பர். கெனிச்சி ஹோரியே என்ற ஜப்பானியர் 83 வயதில் பசிபிக்கையே தனியாகக் கடக்கவில்லையா என்று மகளிடம் கேட்டேன். அன்றிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை. முதலில் பிரான்ஸில் ஷெர்பூர், பிறகு அங்கேயே பிரித்தானி, முடிந்தால் ஒரு நாள் அட்லாண்டிக் நடுவே இருக்கும் அசோர்ஸ் தீவுகள். எந்தப் படகை வாங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஹோரியேவை மகளிடம் சாட்சிக்கு இழுத்திருக்கக் கூடாது. 2022இல் அவர் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஜப்பானுக்கு வந்த படகு 19 அடி. ஜீன் சாக்ரடீஸ் என்ற அம்மையார் 2019இல், தமது 77ஆம் வயதில், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி முடித்த படகு 38 அடி. ஆக, அடிக்கணக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவாகாது. அதைவிட முக்கியம், இருவருமே இடையில் கரையைத் தொடாதவர்கள். கனடாவின் விக்டோரியாவை விட்டுக் கிளம்பி அங்கேயே திரும்ப சாக்ரடீஸுக்கு 11 மாதம் ஆயிற்று. அத்தனை மாதத்துக்கும் சேர்த்துப் படகைக் கொண்டுபோய்க் கட்ட வேண்டியிருந்தது ஒரே ஒரு தடவை. நீங்களோ சனிக்கிழமை எதிரே தீவிலிருக்கும் கௌஸ் போய் ஞாயிறு திரும்பப் போகிறவர். போன இடத்தில் ஒரு முறை, வீடு வந்து ஒரு முறை. வருடத்துக்கு 20 வாரக்கடைசி என்றால் 40 தடவை, தனியாக, சில நாள் மழையில், சில நாள் இருட்டில், பக்கத்துப் படகுக்காரர் முறைத்துக்கொண்டிருக்க.

கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. வயதானபின் தனியாக ஓட்டுகிறவர்கள் பலர் ஏன் விட்டுவிடுகிறார்கள்? புயலுக்குப் பயந்து இல்லை. புயலுக்கு முன்னறிவிப்பு இருக்கிறது, போகாமல் இருந்துவிடலாம். படகு கட்டும் மிதக்கும் மேடை, அதாவது பாண்டூன், அதற்கு முந்தைய கடைசி 20 மீட்டர்தான் ஆளைக் கலக்குகிறது. ஒரு தடவை அங்கே நெஞ்சு படபடத்துவிட்டால், அடுத்த வாரம் "காற்று கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது" என்று தோன்றும். அதற்கடுத்த வாரமும் தோன்றும். படகு கட்டின இடத்திலேயே கிடந்து அடியில் பாசி பிடிக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். உங்கள் 38 அடிப் படகு சுமார் 7 டன். ஒரு நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு அரை மீட்டர் ஊர்ந்து வருகிறது. அதை அரை மீட்டருக்குள் நிறுத்தச் சுமார் 190 கிலோ எடையைத் தூக்குகிற பலம் வேண்டும். நண்பர் சொல்லும் 28 அடி நாலரை டன் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 120 கிலோ. இரண்டையும் உங்கள் கை நிறுத்தாது, என் கையும் நிறுத்தாது. ஆனால் மரீனாவில், அதாவது படகுத்துறையில், என்ன பார்க்கிறோம்? கையில் கயிறோடு மேல்தளத்திலிருந்து பாண்டூனுக்குக் குதிக்கிறார்கள், குதித்துவிட்டுக் குதிகாலை ஊன்றி இழுக்கிறார்கள். மாற்று மூட்டு வைத்துக்கொண்டு நீங்கள் அப்படிக் குதிக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் மகள் பேசாமல் இருப்பதுதான் நியாயம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பத்துக்குள் சுருளும் பாய் நல்லதுதான், பாய் புதிதாக இருக்கும்வரை. நைந்து வயிறு தள்ளிய பாய் மடிப்பு விழுந்து கம்பத்தின் பிளவில் சிக்கும், அதுவும் பாயைச் சுருக்கியே ஆக வேண்டிய காற்றில். வாங்கினால் புதுப் பாய்க்கும் பணம் ஒதுக்குங்கள். பவ் த்ரஸ்டரை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். அது அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, பக்கவாட்டில் தள்ளும், படகைப் பிடித்து நிறுத்தாது. நூற்றுக்கணக்கில் ஆம்பியர் குடிக்கும், சில நிமிடம் விடாமல் அழுத்தினால் சூடேறித் தானே நின்றுவிடும். நண்பரின் நீளக் கீல் கடலில் கோடு போட்டமாதிரி போகும், ஒப்புக்கொள்கிறேன். ரிவர்ஸில் அது யார் சொல்லும் கேட்காது. சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் புரொப்பல்லர் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே பின்புறம் போகும். கடலைத் தாங்குகிற படகு மரீனாவையும் தாங்கும் என்று அவருக்கு யார் சொன்னது? தானோட்டிக் கருவி இரண்டு படகுக்கும் வேண்டும், அதில் பேச்சே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது படகின் நடுப்பகுதியை. விளம்பரப் படங்களில் அணியம் இருக்கும், ஓட்டுகிறவர் நிற்கும் காக்பிட் இருக்கும், மெத்தை போட்ட உள்ளறை இருக்கும். நடுவில் நின்று யாரும் படம் எடுப்பதில்லை. அங்கே இரண்டு விஷயம் பாருங்கள்.

முதலாவது உயரம். இந்தக் காலத்து 38 அடியில் மேல்தளம் நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 1.2 மீட்டர். மிதக்கும் பாண்டூன் நீருக்கு மேல் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் 70 சென்டிமீட்டருக்கு மேல். வீட்டு மாடிப்படியில் நாலு படியை ஒரே எட்டில் இறங்குவதுபோல, அதுவும் ஈரத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது. பழைய 28 அடியில் அது பெரும்பாலும் இரண்டு படிதான். உயரமான பக்கவாட்டில் காற்றும் வாகாகப் பிடிக்கும். வேகம் குறைந்து சுக்கான் பிடிப்பு விட்ட நேரத்தில் அணியத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது நடுக் கிளீட். படகின் பாதி நீளத்தில், இரு ஓரத்திலும், கயிறு கட்ட ஒரு கிளீட் இருக்க வேண்டும். பல படகுகளில் கிடையாது. இருந்தால் அதன் நேர் கீழே உள்ளறைக் கூரையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தளத்தைத் துளைத்து வரும் போல்ட்டும் அதன் பின்னால் நல்ல தடிமனில் தகடும் தெரிய வேண்டும். வெறும் ஸ்குரூ என்றால் பாரம் ஏறும் முதல் நாளே பிய்த்துக்கொண்டு வரும்.

இந்த ஒரு கிளீட்டை வைத்துத் தனியாள் படகைக் கட்டிவிடலாம். 12 மில்லிமீட்டர் கயிறு எடுத்து ஒரு முனையில் பெரிய வளையம் போடுங்கள். தோட்ட ஹோஸில் ஒரு மீட்டர் வெட்டி வளையத்தில் கோத்துவிட்டால் அது தொய்யாமல் வாய் பிளந்தபடியே நிற்கும், காக்பிட்டில் நின்றபடி ஒரே கையால் மாட்டலாம். கயிற்றின் மறுமுனை நடுக் கிளீட்டோடு கட்டிய ஒரு கப்பி வழியாகக் காக்பிட்டில் கயிறு சுற்றி இழுக்கும் வின்சுக்கு வர வேண்டும். மரீனா வாசலுக்கு வெளியிலேயே இதையெல்லாம் முடித்து, மோதாமல் காக்கும் ஃபெண்டர்களையும் பாண்டூன் உயரத்துக்குத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

காற்று, நீரோட்டம் இரண்டில் எது பலமோ அதை எதிர்த்து வாருங்கள். காக்பிட்டுக்கு நேராகப் பாண்டூன் கிளீட் வந்ததும் வளையத்தை மாட்டி, தளர்ச்சியை வின்சில் இழுத்து, சுற்றிக் கட்டுங்கள். கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், விரல் போய்விடும். பிறகு கியரை முன்னுக்குப் போட்டு இன்ஜினை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். சக்கரத்தைப் பாண்டூனுக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். சக்கரத்துக்குப் பதில் டில்லர் என்ற சுக்கான் கைத்தண்டு என்றால் பாண்டூன் பக்கம் தள்ளுங்கள். படகு முன்னே போகப் பார்க்கும், கயிறு விடாது, சுக்கான் பின்புறத்தை உள்ளே தள்ளும். படகு பாண்டூனோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்ஜின் ஓடுகிறவரை அப்படியே நிற்கும். அவசரமே இல்லை. கைப்பிடியைப் பிடித்து, திரும்பி நின்று, ஒவ்வொரு காலாக இறங்கி, முன்கயிறும் பின்கயிறும் கட்டிவிட்டு வந்து இன்ஜினை அணையுங்கள்.

தப்பாவது எங்கே? கயிறு நீளமாகிவிட்டால் படகு முன்னே நகர்ந்து, அணியம் முன்னாலிருக்கும் பாண்டூனில் போய் முட்டும். கிளீட் ரொம்ப முன்னால் இருந்தால் அணியம் உள்ளே குத்திப் பின்புறம் வெளியே விலகும். ரொம்பப் பின்னால் இருந்தால் அணியம் ஒட்டவே ஒட்டாது. வளையம் தவறித் தண்ணீரில் விழுந்தால் முதல் வேலையாகக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் கயிறு புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். முதல் பத்து தடவை காற்றே இல்லாத காலையில் பழகுங்கள்.

ஏணியையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். தவறி விழுவது நடுக்கடலில் மட்டுமா? படகுக்கும் பாண்டூனுக்கும் நடுவிலும் விழலாம். ஏப்ரல் மாதத்தில் அங்கே தண்ணீர் 10 டிகிரி அளவில்தான் இருக்கும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் விரல்கள் உங்கள் பேச்சைக் கேட்காது. பின்பக்க ஏணியை அழகாக மடித்துக் கட்டி வைத்திருப்பார்கள். தண்ணீரில் கிடப்பவர் இழுத்தால் அவிழ்ந்து விழும்படி ஒரு சின்னக் கயிறு தொங்க வேண்டும், இரண்டு படியாவது நீருக்குள் இறங்க வேண்டும்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். உயரத்தை நினைத்தால் 28 அடி, ரிவர்ஸை நினைத்தால் 38 அடி. என்னிடம் கேட்டால் இரண்டுமே வேண்டாம், 29 அல்லது 30 அடியில், மீன் துடுப்பு மாதிரிக் குட்டையான ஃபின் கீல் போட்ட, பக்கவாட்டு தாழ்ந்த ஒன்றைத் தேடுங்கள். மனசு கேட்கவில்லையென்றால், அளவு நாடா எடுத்துக்கொண்டு இரண்டையும் இன்னொரு தரம் போய்ப் பாருங்கள். வெள்ளோட்டத்தில் மூன்று தடவை நீங்களே கொண்டுவந்து கட்டுங்கள். தரகர் கயிறு வாங்கக் கை நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். அசோர்ஸை அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம். மகளையும் கூட்டிப் போங்கள். அவள் பாண்டூனில் நின்று பார்க்கட்டும், கயிற்றைத் தொடாமல்.