உங்கள் கோப்பில் தமிழே இல்லை

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் 20 வருடமாக அச்சகம் நடத்துகிறேன். விண்டோஸ் 11 போட்ட புது கம்ப்யூட்டர் வாங்கினேன். பழைய திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எதைத் திறந்தாலும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது. விற்ற பையன், ‘தமிழ் சாஃப்ட்வேர்னாலே இப்படித்தான்ணா’ என்கிறான். கம்ப்யூட்டருக்கும் தமிழுக்கும் ஒத்துவராது என்று நீங்களாவது எழுதக் கூடாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: எழுத மாட்டேன். புது கம்ப்யூட்டர் உண்மையைத்தான் காட்டுகிறது. உங்கள் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துதான். இத்தனை நாள் பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்ட் (எழுத்துரு) அதற்குத் தமிழ் வேஷம் கட்டியிருந்தது. ‘சேலம்’ என்று அடித்தபோது கோப்புக்குள் போனவை பெரிய என், ஆர், ஒய், கே, ஓர் அரைப்புள்ளி. ‘இ’ என்று நீங்கள் நினைப்பது வெறும் காற்புள்ளி. வேஷம் கலைந்ததும் உள்ளே இருந்தது வெளியே தெரிகிறது.

வேர்டில் வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘தலைவர்’ என்று அடித்தால் சில சமயம் ‘துலைவர்’ ஆகிவிடுமே, அதுவும் இதனால்தான். வாக்கியத்தின் முதல் எழுத்து சின்ன ஜே. அது பெரிய எழுத்தாக இருக்க வேண்டும் என்று ஆட்டோகரெக்ட் திருத்துகிறது. பாமினியில் சின்ன ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. அதைத் திட்டிப் பயனில்லை. ஆங்கிலம் என்று நம்பித் திருத்தியது, அணைத்துவிடுங்கள்.

முதலுதவி ஐந்து நிமிட வேலை. பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடவில்லையே? அதில் சி டிரைவ், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்று உள்ளே போய், பயன்படுத்திய தமிழ் ஃபாண்ட்களை எல்லாம் பென் டிரைவில் எடுத்து, புதியதில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். நோட்டீஸ் பழையபடி தெரியும். மறுபடி அச்சடிக்க மட்டும் தேவைப்படுபவற்றை, ஃபாண்ட்டை உள்ளே பதித்துப் பி.டி.எஃப். ஆக்கிவைத்தால் போதும்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் இன்று வாடிக்கையாளர் மேட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது யூனிகோடு, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் உலகப் பொதுக் குறியீட்டு முறை. பாமினிப் பக்கத்தில் ஒட்டினால் சேராது என்று உங்கள் ஆபரேட்டர் முழுவதையும் பார்த்துப் பார்த்து மறுபடி அடிக்கிறார். மாப்பிள்ளை பெயரில் பிழை புகுவது அந்த இடத்தில்தான். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அச்சகங்கள் இன்னும் பாமினியை விடவில்லை.

பழைய கோப்பை யூனிகோடாக மாற்றுவதற்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள்கள் உண்டு. ஃபாண்ட்டின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வானவில் என்ற இன்னொரு ஃபாண்ட்டில் அடித்ததைப் பாமினி என்று கொடுத்தால் இன்னொரு குப்பைதான் வரும். இடையில் உள்ள ஆங்கில முகவரி, ஜி.எஸ்.டி. எண் போன்றவற்றை முன்பே தனியே எடுத்துவையுங்கள், இல்லாவிட்டால் அவையும் ‘தமிழாகி’விடும்.

மாற்றியபின் வருவதுதான் முக்கியமான வேலை. பழைய ஆபரேட்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ‘ரி’, ‘ர்’ அடிக்கும்போது ர-வுக்குப் பதில் துணைக்காலைப் போட்டு அதன்மேல் கொக்கியோ புள்ளியோ வைப்பார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடில் அது துணைக்காலாகவே வந்து நிற்கும். தேடினால் ‘மாரியம்மன்’ கிடைக்க மாட்டாள். துணைக்காலை அடுத்துப் புள்ளியோ, இகரக் கொக்கியோ, ஈகாரக் கொக்கியோ தமிழில் எங்கும் வராது. எனவே இந்த மூன்றையும் முறையே ர், ரி, ரீ என்று ரீப்ளேஸ் ஆல் கொடுத்து மாற்றலாம், பயமில்லை. ஆனால் கௌ-வுக்குப் பதில் கெ, ள என்று பிரித்து அடித்ததை அப்படி மொத்தமாக மாற்றாதீர்கள். ‘கெளரி’ சரியாகும், மேட்டூர் கெளுத்தி மீன் நாசமாகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் கோபத்தில் ஒரு பாதி நியாயம்தான். அதை பக்க வடிவமைப்பு மென்பொருள் பக்கம் திருப்புங்கள். பேஜ்மேக்கர் 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோனது. அதற்கு யூனிகோடு தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. இன்டிசைனுக்குத் தெரியும், ஆனால் சொல்லாது. தமிழை ஒட்டியதும் ‘கொ’ உடைந்து கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம், நடுவே புள்ளி வட்டம் என்று நின்றால், பாராகிராஃப் பேனலின் மூலையில் உள்ள மெனுவைத் திறந்து ‘வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து ஒழுங்காகிவிடும். எந்தக் கோப்பும் திறக்காத நிலையில் இதைச் செய்துவைத்தால் புதிய கோப்புகளுக்கெல்லாம் அதுவே நிலைக்கும். தமிழைச் சரியாகக் காட்டும் வசதியை எழுதிவைத்து, அதை யாரும் ஊகிக்க முடியாத பெயரில் ஒரு மூலையில் ஒளித்தவர்களை என்ன சொல்வது! போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இதே வசதிக்கு ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்று பெயர், இருப்பது பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதியில். நம்மை அரபு நாட்டோடு சேர்த்துவிட்டார்கள். கோரல் டிரா வைத்திருந்தால் எக்ஸ்6-க்கு முந்தைய பதிப்போடு மல்லுக்கட்டாதீர்கள், அதில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வராது.

‘விரல் பாமினிக்குப் பழகிவிட்டது’ என்று ஆபரேட்டர் சொல்வார். என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை அமைப்பும் இருக்கிறது. அடிப்பது பழையபடி, விழுவது யூனிகோடு. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குத் தமிழ் 99 விசை அமைப்பைச் சொல்லிக்கொடுங்கள். அது விண்டோஸ் 11-க்குள்ளேயே உள்ளது. அ, ம, ம, ஆ என்று அடித்தால் புள்ளியைத் தானே வைத்து ‘அம்மா’ ஆக்கிவிடும்.

20 வருடக் கோப்பை எல்லாம் ஒரே மூச்சில் மாற்ற உட்கார்ந்தால் நாலாம் நாள் வெறுத்துவிடும். வருடா வருடம் திரும்ப வருவது எதுவோ அதை எடுங்கள். ஆடிக்கு முன்னால் கோட்டை மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ். அதிலும் முதலில் கட்டளைதாரர் பெயர்ப் பட்டியல்.