தொடங்கிய மூலை எங்கே போயிற்று?

கேள்வி: ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் வீட்டு வரைபடங்கள் வரைகிறேன். அறையின் சுற்றுக்கோட்டை மூடும்போது சில நேரம் கடைசிக் கோடு சாய்ந்து வேறு மூலைக்குப் போகிறது. சில நேரம் மூடியதுபோலத் தெரிந்தும், ஆஃப்செட் (இணைக்கோடு போடும் கட்டளை) கொடுத்தால் ஒரு மூலை மட்டும் பிளந்து நிற்கிறது. மூலையிலிருந்து 600 மி.மீ. தள்ளி ஜன்னலைத் தொடங்க ஒவ்வொரு முறையும் துணைக்கோடு போட்டு அழிக்கிறேன். தொடக்கப் புள்ளியைக் கைவிடாமல் வரைய என்ன வழி?

பதில்: வரையும்போது ஆட்டோகேட் உங்களுக்காக இரண்டு புள்ளிகளை நினைவில் வைத்திருக்கிறது. ஒன்று, நடக்கும் கட்டளையின் முதல் புள்ளி. மற்றது, நீங்கள் கடைசியாகக் கொடுத்த புள்ளி. கட்டளை முடிந்ததும் முதலாவது போய்விடும். அடுத்த கிளிக்கில் இரண்டாவது மாறிவிடும். உங்கள் தொல்லைகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன.

சாய்ந்த கோட்டைப் பார்ப்போம். ஆறு சுவர் கொண்ட, எல் வடிவ ஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன் கட்டளையில் மூன்று சுவர் போட்டதும் போன் வருகிறது, எஸ்கேப் அழுத்துகிறீர்கள். திரும்பி வந்து, விட்ட முனையிலிருந்து நான்காவதையும் ஐந்தாவதையும் வரைந்து, வடிவத்தை மூடுவதற்கான ‘சி’ தட்டி என்டர் கொடுக்கிறீர்கள். கோடு ஹாலின் முதல் மூலைக்குப் போகாது; நீங்கள் மறுபடி தொடங்கிய இடத்துக்கே குறுக்கே ஓடும். மென்பொருளுக்கு அதுதான் முதல் புள்ளி. ஆகவே கட்டளையை நடுவில் விடாதீர்கள். தவறான புள்ளி விழுந்தால் எஸ்கேப் வேண்டாம். ‘யூ’ தட்டி என்டர் கொடுத்தால் ஓர் அடி மட்டும் பின்னால் போகும். முதல் மூலை திரையை விட்டு வெளியே போய்விட்டதே என்று பதறவும் வேண்டாம். மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்குவதும், அதை அழுத்தி நகர்த்துவதும் கட்டளையைக் குலைப்பதில்லை.

பிளந்த மூலைக்குக் காரணம் வேறு. பாலிலைனின் (பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோட்டின்) கடைசிப் புள்ளியை முதல் மூலையின் மேல் கிளிக் செய்து முடித்திருப்பீர்கள். கண்ணுக்கு மூடிய வடிவம்; மென்பொருளுக்கு, இரு முனைகள் ஒரே இடத்தில் வந்து நிற்கும் திறந்த கோடு. கோட்டின் விவரங்களைக் காட்டும் ப்ராப்பர்ட்டீஸ் பலகையில் ‘குளோஸ்டு’ என்பதற்கு எதிரே ‘நோ’ என்று இருக்கும். அதை ‘யெஸ்’ ஆக்குங்கள். இனி முதல் மூலையைக் கிளிக் செய்யாமல், அதற்கு முந்தைய மூலையில் நின்றபடி ‘சி’ கொடுங்கள்.

ஆனால் ‘சி’யைக் கண்மூடி நம்புகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். அது பிழையையும் சேர்த்து மூடிவிடும். ஒரு பக்கத்தை 3600க்குப் பதில் 3590 என்று அடித்திருந்தால், மூடும் கோடு 10 மி.மீ. சாயும், திரையில் அது தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டேப்பால் அளந்து வந்த ஒரு மனையை இப்படித்தான் மூடினேன். காம்பவுண்ட் சுவருக்கு நூல் கட்டும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. அளந்து வந்த வடிவமானால் கடைசிப் பக்கத்தையும் அதன் அளவிலேயே வரையுங்கள். முதல் மூலைக்கும் கோட்டின் முனைக்கும் இடையே விழும் இடைவெளிதான் உங்கள் பிழை. அதைச் சரிசெய்த பிறகு மூடுங்கள். இன்னொன்று: நான்கு பக்க அளவு மட்டும் மனையின் வடிவத்தை நிர்ணயிக்காது, ஒரு மூலைவிட்டமாவது அளந்து வர வேண்டும்.

இனி ஜன்னல். லைன் கட்டளை முதல் புள்ளியைக் கேட்கும்போது ‘ஃப்ரம்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். அறையின் மூலையைக் கிளிக் செய்து, @600,0 என்று அடியுங்கள். கோடு மூலையிலிருந்து வலப்பக்கம் 600 தள்ளித் தொடங்கும். துணைக்கோட்டுக்கு வேலையே இல்லை. ‘அந்தப் புள்ளியிலிருந்து’ என்று சொல்லும் @ குறியை மட்டும் மறக்காதீர்கள். கர்சர் பக்கத்திலேயே அளவு அடிக்க உதவும் டைனமிக் இன்புட் போட்டிருந்தால் இரண்டாவது புள்ளியிலிருந்து அது தானாகவே சேர்ந்துகொள்ளும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் விட்டுவிடுகிறோம். விட்டால் 600,0 என்பது ஒட்டுமொத்த வரைபடத்தின் மூலப்புள்ளியிலிருந்து (0,0) கணக்காகி, கோடு எங்கோ தொலைவில் முளைக்கும்.

ஒரே மூலையிலிருந்து பத்துப் பதினைந்து அளவுகள் எடுக்க வேண்டுமென்றால், மூலப்புள்ளியை இடம் மாற்றும் யூசிஎஸ் கட்டளை கொடுத்து அந்த மூலையைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். மூலப்புள்ளி அங்கே வந்துவிடும். அதன்பின் கோட்டின் தொடக்கமாக 600,0 என்று அடித்தாலே போதும். வேலை முடிந்ததும் மறுபடி யூசிஎஸ் கொடுத்து என்டர் தட்டி, பழைய இடத்துக்குத் திரும்புங்கள். திரும்ப மறந்தால், மறுநாள் அடிக்கும் அளவெல்லாம் இடம் மாறி விழும்.

நாள்கணக்கில் தேவைப்படும் மூலைக்கு ஒரு பாயிண்ட் வைத்துவிடுவதே என் வழக்கம். புள்ளியின் தோற்றத்தை முடிவுசெய்யும் பிடிமோடு மதிப்பை 3 ஆக்கினால் அது பெருக்கல் குறியாகத் தெரியும். அச்சாகாதபடி அமைத்த தனி லேயரில் (வரைபட அடுக்கில்) வையுங்கள். கர்சரைக் குறிப்பிட்ட புள்ளிகளில் ஒட்டவைக்கும் ஆப்ஜெக்ட் ஸ்நாப்பில் ‘நோட்’ போட்டிருந்தால்தான் கர்சர் அதைப் பிடிக்கும். சுவரின் உள்மூலையிலா, வெளிமூலையிலா என்பதைப் பக்கத்திலேயே எழுதிவைத்துவிடுங்கள். ஒன்பது அங்குலச் சுவரில் இரண்டுக்கும் நடுவே நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சுமார் 230 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது.