ஆர்டி கெர்னலும் ஒத்துப்போகாத டிரைவரும்

கேள்வி: துவாஸில் எங்கள் பேக்கிங் இயந்திரத்தின் லினக்ஸ் கணினியை பிரீஎம்ப்ட்-ஆர்டி கெர்னலுக்கு (நிகழ்நேர வேலைக்கான இயங்குதள மையம்) மாற்றினோம். வெண்டர் தந்த ஐஓ (உள்ளீடு-வெளியீடு) கார்டு டிரைவர் 'இன்வாலிட் மாட்யூல் ஃபார்மேட்' என்று நின்றது. டிரைவரை ஏற்றும் மாட்புரோப் கட்டளையில் '-எஃப்' (கட்டாயமாக ஏற்று) போட்டதும் ஏறியது. ஆனால் சில மணி நேரத்தில் கணினி உறைந்துவிடுகிறது. இரண்டு கெர்னலுமே 6.1தானே?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: முதலில் அந்த மாட்யூலை (கெர்னலில் ஏறும் டிரைவர் கோப்பு) பிளாக்லிஸ்டில் (தானாக ஏறாமல் தடுக்கும் பட்டியல்) போட்டு ரீபூட் செய்யுங்கள். அதோடு இயந்திரத்தை ஓட்டுவது ஆபத்து.

பதிப்பு எண் ஒன்றானால் போதாது, கான்ஃபிக்கும் (கெர்னலைக் கட்டிய அமைப்புகள்) ஒன்றாக வேண்டும். சாதாரண கெர்னலில் ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை தூங்காமல் சுழன்று காத்திருக்கும் பூட்டு) வழக்கமாக 4 பைட். ஆர்டியில் அதே பெயரில் இருப்பது ஆர்டி-மியூடெக்ஸ் மேல் கட்டிய, தூங்கக்கூடிய பூட்டு. அளவு பல மடங்கு. அதை உள்ளே வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட்களில் (பல புலங்கள் சேர்ந்த தரவுத் தொகுப்புகள்) பின்னால் வரும் புலங்கள் எல்லாம் தள்ளிப்போகும். உங்கள் டிரைவரோ பழைய ஆஃப்செட்டிலேயே (புலம் முன்பு இருந்த இடம்) எழுதி, வேறு எதையோ அழிக்கிறது. கணினி உறைவதற்கு என் முதல் சந்தேகம் இதுதான். '-எஃப்' வெர்மேஜிக் (கெர்னல் பதிப்பு, அமைப்பைச் சொல்லும் அடையாள வரி), சிஆர்சி (கெர்னல் இடைமுகங்களின் சரிபார்ப்பு எண்) சோதனைகளைத்தான் தாண்ட வைக்கும், பொருத்தத்தைக் கொண்டுவராது.

வெண்டரிடம் மூலநிரலைக் கேளுங்கள். மறுத்தால் உங்கள் கெர்னலின் ஹெடர்ஸ் தொகுப்பு, .கான்ஃபிக், மாட்யூல்.சிம்வெர்ஸ் (அந்த சிஆர்சி எண்களின் பட்டியல்), காம்பைலர் பதிப்பு நான்கையும் கொடுத்து அதற்கென்றே கட்டித்தரச் சொல்லுங்கள். வந்ததும் மாட்இன்ஃபோ கட்டளை காட்டும் வெர்மேஜிக் வரியில் 'பிரீஎம்ப்ட்_ஆர்டி' இருக்கிறதா பாருங்கள். பிறகு கெர்னல் தொகுப்பை 'ஹோல்டு' (தானாகப் புதுப்பிக்காமல் நிறுத்துவது) செய்துவிடுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டில் இதே தொல்லை.

மறுபடி கட்டினாலும் ஒரு சிக்கல் மிஞ்சலாம். 'ஐஆர்க்யூஎஃப்_நோ_திரெட்' (தனித் திரெடாக மாற்றாதே) கொடியோடு பதிந்த இன்டர்ரப்ட் ஹேண்ட்லருக்குள் (வன்பொருள் அழைப்பைக் கையாளும் பகுதி) சாதாரண ஸ்பின்லாக் எடுக்கவே கூடாது, அங்கே ரா-ஸ்பின்லாக்தான் (ஆர்டியிலும் தூங்காத பூட்டு). சோதனைக் கெர்னலில் 'டீபக்_அடாமிக்_ஸ்லீப்' இயக்கி ஓட்டினால் இந்தத் தவறு டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) அகப்படும்.

கேள்வி: டிரைவரை நாங்களே எழுதினோம். 64 பிட் கெர்னலில் எங்கள் 32 பிட் திரைச் செயலி ஐஆக்டில் (டிரைவருக்கு ஆணை அனுப்பும் முறை) அழைத்தால் மட்டும் 'இஎன்ஓடிடிஒய்' (இந்த ஆணை தெரியாது என்னும் பிழை) வருகிறது. ஏன்?
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: டிரைவரில் காம்பேட் ஐஆக்டில் ஹேண்ட்லர் (32 பிட் செயலியின் அழைப்பை ஏற்கும் பகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் வந்தால் ஸ்ட்ரக்ட்டில் 'லாங்' வகைப் புலம் இருக்கலாம்: ஒரு பக்கம் 4 பைட், மறுபக்கம் 8. ஸ்ட்ரக்ட்டின் அளவு ஐஆக்டில் எண்ணுக்குள்ளேயே பதிவதால் எண்ணே மாறிவிடும். எல்லாப் புலத்தையும் __யு32, __யு64 (இரு பக்கமும் அளவு மாறாத வகைகள்) ஆக்குங்கள், பாயின்டரையும் __யு64 ஆகவே அனுப்புங்கள். மொத்த அளவு 8இன் மடங்காக வர பேடிங்கை (இடம் நிரப்பும் பைட்கள்) வெளிப்படையாக எழுதி, அது பூஜ்யம்தானா என்று டிரைவரில் சோதியுங்கள்.